ஃப்ரெடி சாகாததால் வந்த வம்பு

ராயபுரம் ஃப்ரெடிக்குப் பகலில் கண்டெய்னர் யார்டில் வேலை. மற்ற நேரமெல்லாம் 'துடுப்பு'. இணையதளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாமே என்று அவர் எழுதி, இலவசமாகக் கொடுத்த மென்பொருள் சட்டகம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். எடுத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்; பழுது பார்த்தவர் ஃப்ரெடி ஒருவர்தான். ஓசியில் கிடைத்ததற்கு எவன் மெனக்கெடுவான்?

ஐம்பதைத் தாண்டியதும் கண் மங்கியது. தனக்குப் பிறகு துடுப்பு என்ன ஆகும் என்ற கவலை பிடித்துக்கொண்டது. "யாராவது பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்" என்று இணையத்தில் வருடக்கணக்கில் கெஞ்சினார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். கடுப்பில் ஒருநாள், தான் விலகுவதாக அறிவித்தார்.

பேனர் கடை டில்லிபாபு சும்மா இருப்பாரா? நண்பருக்குப் 'பணி நிறைவு வாழ்த்துகள்' அடித்துத் தெருமுனையில் கட்டினார். அவசரத்தில் கண்ணீர் அஞ்சலி டிசைனை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார். கறுப்புக் கரை, மெழுகுவர்த்தி, மேகம், இரண்டு வெள்ளைப் புறா. நடுவில் ஃப்ரெடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டில்லி, சாவு பேனரு மாரி கீது?" என்றார் ஃப்ரெடி.

"புறா சோக்கா கீது மாமு. பேஜார் பண்ணாத."

யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். தமிழ் தெரியாத துடுப்புக்காரர்கள் புறாவைப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டார்கள். இரங்கல் குவிந்தது. "அவர் விட்ட பணியை நாங்கள் தொடர்வோம்" என்று ஆளாளுக்கு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃப்ரெடி தன் சாவுக்குத் தானே நெகிழ்ந்துபோனார்.

"வாயத் தொறக்காத. கொஞ்ச நாளு செத்தே இரு" என்றார் மனைவி ஜானட்.

இருந்தார். ஆனால் துடுப்பில் ஒரு புண்ணியவான் செய்த திருத்தம் தப்பாக இருந்தது. ஃப்ரெடியின் கை சும்மா இருக்குமா? "இது தவறு" என்று தன் பெயரிலேயே எழுதிவிட்டார். உயிரோடு இருக்கிறார் என்று எல்லோருக்கும் ஏக சந்தோஷம். இனி அவரே பார்த்துக்கொள்வார் என்று கலைந்துபோனார்கள்.

வேலையைப் பங்கு போட்டவர்களில் எம்.கே.பி. நகர் முதஸ்ஸிர் மட்டும் போகவில்லை. ஃப்ரெடி அவருக்குப் போன் செய்தார்.

"நீ மட்டும் ஏன் நைனா கீற?"

"நான் பேனரைப் படிச்சேண்ணே. நீ உசுரோட கீறன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்த?"

"இன்னிக்கு இல்லாங்காட்டியும் என்னிக்காச்சும் ஒருநாள் நீ பூடுவ இல்ல?"

இத்தனை வருடத்தில் தன்னிடம் யாரும் இவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை என்று ஜானட்டிடம் சொல்லி அழுதார் ஃப்ரெடி.