2207 இன்னும் வெளியே வரவில்லை

இது நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப் போவதில்லை. என் இடது மணிக்கட்டுக்குள் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. வேண்டுமானால் எக்ஸ்ரே காட்டுகிறேன். பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று சொன்ன புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நடந்தது வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்.

2022 ஆகஸ்ட் 12. மஸ்கட்டுக்கு வடக்கே சோஹாரில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்குப் புது மென்பொருள் போட்டுக்கொண்டிருந்தோம். ஊழியர் பதிவும், வாசலில் விரல் வைக்கும் கருவிகளும் என் பொறுப்பு. ஞாயிறு காலை ஷிப்டுக்கு எல்லாம் ஓடியாக வேண்டும். அதனால் வார விடுமுறையான வெள்ளியிலும் வேலை என் தலையில் விடிந்தது.

காவலாளி கல்ஃபான் 11:48-க்குத் தொழுகைக்குக் கிளம்பினார். "வெளிய பூட்டிட்டுப் போறேன் சதீக். ஒன்னேகாலுக்கு வந்து திறக்கறேன். வேல வேலன்னு சாகாத, இந்தா, பேரீச்சம்பழம் தின்னு." அவருக்கு எல்லோருமே 'சதீக்'தான், அரபியில் நண்பன்.

ஆலை நின்றிருந்தது. உள்ளே மிச்சம் இரண்டே பேர். நானும், உற்பத்திப் பிரிவின் தலைவர் முனீர் கத்தாஸும். அவர் லெபனான்காரர், என்னைப் போலக் கிறிஸ்தவர். தொழுகை நேரத்தில் நாங்கள்தான் ஒருவருக்கொருவர் துணை.

12:02-க்கு வீட்டிலிருந்து என் மனைவி ஜெசிந்தா அழைத்தாள்.

"சீலா மீன் கொழம்பு ஆறுது. வாரியளா, இல்ல பூனைக்குப் போடட்டுமா?"

"ஒரே ஒரு சோதன பாக்கி. ஒன்றரைக்கு வந்துருவேன்."

"போன வாரமும் இதத்தான் சொன்னிய."

அந்த ஒரு சோதனையில்தான் என் புத்தி கெட்டது. எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. வேலையில் இருப்பவரின் பதிவைத் தொட்டால் அவருடைய வருகைக் கணக்கு குழம்பும். புது ஆளைச் சேர்க்க நாலு பேர் ஒப்புதல் வேண்டும். அதனால் வேலையை விட்டுப் போன ஒருவரை எடுத்து, 'பணியில் உள்ளார்' என்று மாற்றிச் சோதித்துவிட்டு, பழையபடி மூடிவிடுவோம். யாருக்கும் தெரியாது. எல்லோரும் செய்வார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுத்தேன். 2207. ஷவ்கி அப்துல் மவ்லா, எகிப்துக்காரர், ஃபிட்டர். விலகிய காரணம்: தலைமறைவு. தேதி: 2018 மார்ச் 6. மேலாளர்: முனீர் கத்தாஸ்.

'பணியில் உள்ளார்.' 12:13.

காபிக் கோப்பையோடு பின்னால் வந்த முனீர் திரையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"இவன எதுக்கு எடுத்த?"

"சும்மா, சோதனைக்கு. ஏன் சார்?"

"இத்தன பேர் இருக்காங்க. ஓடிப்போன நாய்தான் கெடச்சானா உனக்கு? மூடு ஹபீபி, வேற ஆளப் பாரு."

மூடப் போனேன். அதற்குள் திரையில் ஒரு வரி விழுந்தது.

2207. உள்ளே. மூன்றாம் வாசல். 12:14.

பிழை என்று நினைத்தேன். மூன்றாம் வாசல் பூட்டிக் கிடக்கிறது. கருவியில் விரல் வைக்க அங்கே ஆளே இல்லை. வாசல் கேமராவைப் பார்த்தேன். வெயில், நாய் ஒன்று, வேறு யாரும் இல்லை. நாய் மட்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது.

2207. உருட்டு ஆலைக் கதவு. 12:17.

முனீர் கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. காபி அவர் சட்டையில் கொட்டியும் அவர் கவனிக்கவில்லை.

2207. அலுவலகக் கட்டடம், கீழ்த்தளம். 12:20.

படிக்கட்டில் சத்தம். கனமான பூட்ஸ். ஒரு காலை இழுத்து இழுத்து... தொப். சர்ர்... தொப். கருகிய எண்ணெய் நாற்றம் மேலே ஏறி வந்தது.

"கதவப் பூட்டு," என்றார் முனீர்.

பூட்டினேன். எங்கள் அறை வாசலிலும் ஒரு விரல் கருவி இருக்கிறது. நானே மாட்டியது.

டிட்.

பச்சை விளக்கு எரிந்தது. பூட்டு தானாகத் திறந்தது. 12:21.

உள்ளே யாரும் வரவில்லை. என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. தரையில் மட்டும் கருப்பு எண்ணெய்த் தடம், ஒன்றன் பின் ஒன்றாக, முனீரை நோக்கிப் போனது.

அவர் கால் தரையை விட்டு எழும்பியது.

கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போலத்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்பில் அவர் தலை மோதியது. ஒரு முறை... இரண்டு முறை... மூன்றாவதில் கண்ணாடி உடைந்து கொட்டியது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது. சூடாக இருந்தது.

நான் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்து இழுத்தேன். எதுவோ என் இடது கையைப் பற்றி, குச்சியை ஒடிப்பது போல ஒடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. மேஜைக்கடியில் விழுந்தேன். ஜெசிந்தாவை இனிப் பார்க்க மாட்டேன் என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன்.

பிறகுதான் திரை ஞாபகம் வந்தது. திறந்தவன் நான். மூடினால் போய்விடுவான்.

மேஜை விளிம்புக்கு மேல் தலையை நீட்டி, வலது கையால் மௌஸைப் பிடித்தேன். விலகிய காரணம் கேட்டது. பழையபடியே போட்டேன். 'தலைமறைவு.'

அறையே அதிர்ந்தது.

அலமாரி சாய்ந்து என் போனை நசுக்கியது. முனீரைச் சுவரில் அறைந்தான். மறுபடி. மறுபடி. பல் ஒன்று என் அருகே வந்து விழுந்தது.

திரையில் பதிவு மூடவில்லை. 'பணியில் உள்ளார்.'

"ஓடல..." முனீரின் குரல் கொழகொழத்தது. "அவன் ஓடல... நான்தான்... செத்துட்டான்னு போடு... போடுய்யா..."

பட்டியலின் கடைசி வரி. 'இறப்பு.'

அழுத்தினேன்.

சத்தம் நின்றது.

12:26.

முனீர் மூட்டை போலக் கீழே விழுந்தார்.

கல்ஃபான் 1:15-க்கு வந்து திறந்தார். 1:40-க்கு ஆம்புலன்சில் முனீர் இறந்தார். போலீஸ் முதலில் என்னைத்தான் பிடித்தது. அறையின் கேமராவில் நான் மேஜைக்கடியில் கிடந்ததும், அவர் தன்னந்தனியாகச் சுவரில் மோதியதும் தெளிவாக இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அவர் கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் உருட்டு ஆலைக்குக் கீழே இருந்த பழைய எண்ணெய்க் குழியை இறைத்தார்கள். எலும்புகள் கிடைத்தன. ஒரு கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. சட்டைப் பையில் ஆலையின் அட்டை, எண் 2207.

ஊழியர் பிரிவில் இருக்கும் நஸ்ரா என்னைத் தனியாக அழைத்தாள்.

"அவரு பதிவுல இறந்த தேதி நீங்க போட்டதா?"

"நான் தேதியே போடலியே."

அவள் திரையைத் திருப்பினாள். 2018 மார்ச் 3. தலைமறைவு என்று முனீர் எழுதிக் கொடுத்ததற்கு மூன்று நாள் முன்பு. கடைசியாக ஷவ்கி விரல் வைத்து உள்ளே போன நாளும் அதுதான் என்று பழைய பேரேட்டில் இருந்தது.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது மஸ்கட்டில் வேறு கம்பெனி, வேறு மென்பொருள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மாலை சரியாக ஆறு மணிக்கு என் போனுக்கு ஒரு மெயில் வருகிறது. உள்ளே போய் வெளியே வராதவர்களைப் பற்றி மேலாளருக்குத் தானாகப் போகும் மெயில். அதை வடிவமைத்தவனும் நான்தான். மேலாளர் இல்லாமல் போனால், பதிவைக் கடைசியாகத் திருத்தியவருக்கு அது போக வேண்டும் என்ற விதியையும் நானே எழுதினேன்.

நஸ்ராவிடம் கேட்டேன். அந்த மெயிலை அன்றைக்கே நிறுத்திவிட்டதாகவும், என் முகவரியையே அழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

நேற்றும் வந்தது.

2207, ஷவ்கி அப்துல் மவ்லா. உள்ளே: 12:14. வெளியே: பதிவு இல்லை.

மேலாளர்: செல்வின் தாசையா. அது என் பெயர்.