பூட்டிய கடையில் பதினாறு நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் கடைகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கிள்ளானில் ஒரு சேலைக்கடையில் கல்லாவைப் பார்க்க ஒரு கேமராவும், பதிவு செய்ய ஒரு கம்ப்யூட்டரும் வைத்துக்கொடுத்தேன். இடைவிடாமல் ஓடும்படி அமைத்திருந்தேன். டிஸ்க்கில் பத்து நாள் படம் கொள்ளும். அப்புறம் பழையதை அழித்துக்கொண்டே புதியது ஏறும்.

ஒரு மத்தியானம் கடைக்கார அண்ணனின் மனைவி கல்லா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி. கல்யாணப் படத்தைத் தவிர அண்ணியின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேமரா என்றாலே அவருக்கு ஆகாது, நாற்காலியைக்கூடச் சற்றுத் திருப்பித்தான் போட்டுக்கொள்வார். அவர் சிரித்து, சேலை மடித்து, நடமாடிய அந்தப் பத்து நாள்தான் மிச்சம்.

"டேப்புல ஏத்திக் குடுத்திடறேண்ணே," என்றேன்.

"இப்ப வேணாம் தம்பி. பதினாறு முடியட்டும். அதுவரைக்கும் அவளோடது எதையும் தொடறதா இல்ல. கடையும் பூட்டித்தான் கிடக்கும். அழிஞ்சிராது இல்ல?"

மெஷினை நிறுத்தியிருந்தால் தீர்ந்தது. பூட்டிய கடை, திருடன் வருவானே என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்குப் பெரிய மேதாவி என்ற நினைப்பு வேறு.

"கன்டினியூஸ்ல இருந்து மோஷனுக்கு மாத்திடறேண்ணே. ஏதாச்சும் அசைஞ்சாத்தான் பதிவாகும். பூட்டின கடையில என்ன அசையப்போவுது? அண்ணி அப்படியே இருப்பாங்க லா."

பதினேழாம் நாள் காலை அண்ணனோடு போய்த் திரையைப் போட்டேன். டிஸ்க் முழுக்கப் புதுப் படமாக நிரம்பிக் கிடந்தது. யாருமில்லாத கடையில் இரவும் பகலும் நிற்காமல் பதிவாகியிருந்தது.

ஓட்டிப் பார்த்தேன். காலி நாற்காலி. மறுநாளும் காலி நாற்காலி. ஆனால் அதன் முதுகில் வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, தூங்குகிறவர் மூச்சு விடுகிற மாதிரி. அதே நாற்காலி எங்களுக்குப் பின்னால் இரண்டடியில் கிடந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்சம் தள்ளி ஓட்டியபோது படத்தில் அண்ணனே வந்தார். கையில் எண்ணெய்ப் போத்தல். நாற்காலிக்குப் பின்னால், கல்லா மறைவில் குனிந்தார்.

"விளக்கு வச்சிருந்தீங்களாண்ணே?"

"உயிர் போன இடம் இல்லையா. மூணாம் நாள்ல இருந்து நேத்து வரைக்கும் அணைய விடல."

சுடர் ஆட ஆட மெஷின் அதை அசைவென்று எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணிக்கு வைத்த விளக்கே அண்ணியை ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் அழித்துவிட்டது. நாசமாய்ப்போன என் மேதாவித்தனம். அழுகை வந்தது எனக்கு.

"பழைய படமெல்லாம் போயிடுச்சுண்ணே. விளக்குதான்..."

அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"அசைஞ்சாத்தான் பதிவாகும்னு நீதானே சொன்ன?"

"ஆமாண்ணே, ஆனா..."

"யாருமில்லாத கடையில இவ்ளோ பதிவாயிருக்கு. அப்ப அவ போகல." என் தோளில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. "மறுபடி கன்டினியூஸ்ல போடு தம்பி. ஒரு நிமிஷம்கூட விட்டுறாத."

போட்டுக்கொடுத்தேன்.

அவர் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். பிறகு அதைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.