போனில் நாடி பார்க்கிறவன்

நாடியைத் தொடாமல் நோயாளியைக் கவனிப்பதுதான் இப்போது என் தொழில். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவருக்குப் புரியும். பதினேழு வருஷம் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஓமலூரில் என் வீட்டுப் பின்னறையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். ராணுவக் குடும்பங்களுக்குப் போனில் மருத்துவ ஆலோசனை சொல்லும் கம்பெனி. கூப்பிடுகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதி, டாக்டருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

நாக்கு

முதல் நாள், முதல் அழைப்பு. ராசிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். மூன்று நாளாகக் காய்ச்சல். பழக்க தோஷத்தில், "நாக்கை நீட்டுங்க" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று பயந்து, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டேன். குழறிக்கொண்டு பதில் வந்தது: "நீட்டிட்டுத்தானுங்க இருக்கறேன். இன்னும் எவ்வளவு நேரமுங்க?"

மேச்சேரி

எல்லையிலிருந்து ஒரு சிப்பாய் பேசினார். மேச்சேரிப் பக்கம் தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை. காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. நானும் ஒன்பது தடவை அடித்துப் பார்த்தேன். சீட்டை விட்டு எழக்கூடாது என்பது விதி. உட்கார முடியவில்லை. என் அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும்படி சக ஊழியரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "போனு ஊட்டுல சார்ஜுல கெடக்குது சாமி" என்றார். மகனிடம் பேச வைத்துவிட்டுத் திரும்பினால், கோயம்புத்தூரில் இருக்கும் மேலாளர் லைனில் காத்திருந்தார். அவரும் முன்னாள் ராணுவம். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது வீட்டிலிருந்து பாக்கற வேலைங்க. அடுத்தவங்க வீட்டுக்குப் போயிப் பாக்கற வேலை இல்லைங்க."

கெங்கவல்லி

இந்தத் தடவை வண்டி எடுத்தாலும் பிரயோஜனமில்லை, அவ்வளவு தூரம். "பாப்பாவுக்குக் காய்ச்சல் சார், கை கால் இழுக்குது" என்றாள் கெங்கவல்லியிலிருந்து ஒரு சிப்பாயின் மனைவி. குழந்தைக்கு இரண்டு வயது. டாக்டரின் லைன் கிடைக்கவில்லை. "ஒருக்களிச்சுப் படுக்க வைங்கம்மா. வாயில எதையும் வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதற்குள் அவள் லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ குழந்தைகளைக் கையில் பிடித்திருக்கிறேன்; அன்று என் கையில் இருந்தது போன் மட்டும்தான்.

அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். பின்னால் குழந்தை வீறிட்டு அழும் சத்தம். ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கேட்பதற்குள் அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிடாதீங்க சார். மலை மேல டியூட்டி, தூங்க மாட்டாரு."

நான் சொல்லவில்லை; தெரிந்திருந்தால் அவர் தூங்காமல் கழிக்கும் ராத்திரிகளையும் சேர்த்து, ஓமலூரில் வீட்டிலிருந்தபடியே நானே விழித்திருந்து பார்த்துக்கொள்கிறேன்.