கன்னியப்பன் படித்துக் காட்டிய கோட்டு

முதலியார்பேட்டையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தனக்கொடி குடியிருந்த தெருவில் மட்டும் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அவளுடைய புருஷன் கன்னியப்பனாக வாய்த்தது அவள் செய்த புண்ணியம். மில்லில் தறி ஓட்டுகிறவன். சின்ன வயதில் மூன்று வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுந்தவன். அந்தப் படிப்பைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எதிர்வீட்டு செல்வாம்பாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷனுடைய சொல்தா பென்ஷனில் காலம் தள்ளுகிற விதவை, பிரான்சிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அவனிடம்தான் கொண்டுவருவாள். அவன் கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கவலைப்படாதக்கா, வந்துடும்" என்பான். எல்லாக் காகிதத்துக்கும் அதே பொருள்தான். சில சமயம் பணம் வரவும் செய்தது.

தனக்கொடியின் படிப்பு வேறு. வில்லியனூர் பக்கம் மல்லாட்டை பயிரிட்ட குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்து, ரவிக்கையிலிருந்து பிள்ளைச் சட்டைவரை எல்லாம் கற்றுக்கொண்டாள். கல்யாணச் சீராக ஒரு தையல் மிஷினும் வந்தது. வாசலில் ஒரு போர்டு மாட்டி நாலு பேருக்குத் தைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. "மில்லுக்காரன் பொண்டாட்டி ஊரான் ரவிக்கைக்குக் கொக்கி வச்சிக்கினு ஒக்காரணுமா?" என்று கன்னியப்பன் தடுத்துவிட்டான். அவனுடைய டிராயரை மட்டும் தைக்கலாம். அது கௌரவமான வேலை.

எழுபத்தாறாம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவன் அக்கா ராஜாம்பாள் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தாள். தன் ஆறு வயது மகனுக்குக் கோட்டு தைக்க, தொட்டாலே வியர்க்கிற கம்பளித் துணியும், துணிமேல் வைத்து வெட்டுவதற்கான பேப்பர் கட்டிங்கும் கொண்டுவந்திருந்தாள். தனக்கொடி டேப்பை எடுத்துக்கொண்டு பையன் பக்கம் போனதும், "அளவெல்லாம் எதுக்கு? பேப்பர்ல ஆறு வயசுன்னு போட்டிருக்கான். அப்படியே வெட்டு" என்றாள். "நல்லா தைச்சிட்டன்னு வையி, போர்டு மாட்ட நானே தம்பிகிட்ட சொல்றேன். என் பேச்ச அவன் தட்டமாட்டான்" என்று சொல்லிவிட்டு, பையனோடு காரைக்காலுக்கு மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டாள்.

தனக்கொடி காகிதத்தைத் தரையில் விரித்துப் பார்த்தாள். என்னவோ உறுத்தியது.

"ஏங்க, தையலுக்குள்ள போற துணிக்கு எடமே விடலியே? ஓரத்துல ஏதோ எழுதியிருக்கே, இன்னா அது?"

கன்னியப்பன் கண்ணைச் சுருக்கினான். "இதுவா? கம்பெனி பேரும் விலாசமும்."

"அப்ப தையலுக்கு?"

"வெள்ளக்காரன் எல்லாத்தையும் சேத்துதான் போட்டிருப்பான். ஏரோப்ளேன் செஞ்சவனுக்கு உன் தையல் தெரியாதா?"

ஒரு விரல்கடை விட்டு வெட்டு என்று அவள் கை சொன்னது. ஆனால் துணி நாத்தனாருடையது, காகிதம் பிரான்சுடையது, பிரெஞ்சு புருஷனுடையது. கத்தரிக்கோல் மட்டும்தான் அவளுடையது. காகிதத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டினாள். லைனிங் கொடுத்து, காலர் வைத்து, பொத்தான் கட்டி, பார்க்க லட்சணமாகத்தான் முடித்தாள்.

காரைக்கால் விருந்து முடிந்து பையன் இன்னும் கொஞ்சம் உருண்டு வந்தான். ஒரு கை நுழைந்தது. மறு கை கைக்குழியிலேயே சிக்கிக்கொள்ள, அவன் ஓவென்று அழுதான். செல்வாம்பாள் அன்றைக்குப் பார்த்து ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

"நான் அப்பவே நெனைச்சேன். பட்டிக்காட்டுக் கை" என்றான் கன்னியப்பன்.

"போர்டு மாட்டுற கையாடி இது?" என்றாள் ராஜாம்பாள்.

ராஜாம்பாள் அளவு சரிதானா என்று பார்க்கக் காகிதத்தை எடுத்தாள். பத்து வருஷம் பிரான்சில் இருந்தவள், ஓரத்து எழுத்தை உதடு அசையப் படித்தாள். "தையலுக்குத் தனியா துணி விட்டு வெட்டணும்னு போட்டிருக்கானே. இத யாரு படிச்சது?"

கன்னியப்பன் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினான்.

தாலி கட்டியவனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்காதே என்று தனக்கொடியின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா கோட்டு தைத்ததில்லை. இத்தனை வருஷக் கோபமும் தனக்கொடியின் வாய்க்கு வந்தது. ஆனாலும் நிதானமாகவே சொன்னாள்.

"தைச்சது நானு அண்ணி. படிச்சது உங்க தம்பி."

"எழுத்து பொடியா இருந்துச்சுக்கா" என்றான் கன்னியப்பன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே.

செல்வாம்பாள் தன் காகிதத்தை மெதுவாக ராஜாம்பாளிடம் நீட்டினாள். "இதையும் பாரும்மா. பணம் வந்துடும்னுதான் தம்பி சொல்லிக்கினே இருக்குது."

ராஜாம்பாள் படித்தாள். "நீ உயிரோட இருக்கியான்னு பென்ஷன் ஆபீசுல கேக்குறான். மூணாவது தடவையா."

அன்று சாயங்காலமே தனக்கொடி தையலைப் பிரித்து, மிச்சத் துணியில் பக்கத்துக்கு ஒரு பட்டி வைத்துத் தைத்தாள். பையன் கோட்டுக்குள் சுகமாக நுழைந்து வியர்த்து வழிந்தான். ராஜாம்பாள் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, அதுவும் ஒரு ஃபேஷன்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் செல்வாம்பாள் வந்தபோது கையில் காகிதம் இல்லை, ரவிக்கைத் துணி இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனைத் தாண்டி உள்ளே பார்த்து, "தனக்கொடி, அளவு எடுக்கிறியா?" என்றாள். தனக்கொடி டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அன்றைக்கு எந்தப் பாஷையிலும் வார்த்தை வரவில்லை.