நாளைக்கு வந்துருமுங்க

குன்னூரில் அந்த சூப்பர் மார்க்கெட் வந்தபின், எதிரே இருந்த தன் மளிகைக் கடையை மூடிவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கம்பெனி சிவப்புச் சட்டை, தலையில் பழைய கம்பளிக் குல்லா. எந்தச் சாமானையும் ஒருமுறை துடைத்துத்தான் கையில் கொடுப்பார்.

ஒருநாள் சுக்கு கேட்டேன். பில் போடும் பெண், "இல்லை சார்" என்றாள்.

பக்கத்தில் நின்ற அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கடையில நின்னுட்டு இல்லைன்னு சொல்லக்கூடாது அம்மிணி" என்றவர், என்னிடம் திரும்பி, "நாளைக்கு வந்துருமுங்க" என்றார்.

மறுநாள் போனேன். செய்தித்தாளில் மடித்த சுக்குப் பொட்டலத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஊர்ச் சந்தையில் ஏதோ சின்னக் கடையில் வாங்கியிருக்கிறார்.

"எதுக்குங்க இந்தச் சிரமம்?"

"நம்ம கடைக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பலாமுங்களா?"

எதிரே ஷட்டர் இறங்கியே கிடந்தது. எந்தக் கடையைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.