ஓரெஸ்டின் ஆள்காட்டி விரல்

ஓரெஸ்ட் ஹ்ரின்சுக்குக்கு அறுபத்தோரு வயது. இன்னும் மலை பார்த்ததில்லை. சஸ்காச்சுவான் மாகாணத்துச் சமவெளியில், ரோஸ்டவுன் என்ற ஊருக்கு வடக்கே கோதுமை போடுகிறவர். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ராக்கி மலை கண்ணில் பட்டுவிடும். மூன்று முறை குடும்பத்தோடு கிளம்பி, மூன்று முறையும் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர்.

காரணம் மேகம். அந்தப் பக்கம் பயிரை அடித்துப்போடும் ஆலங்கட்டி மழை மேற்கிலிருந்துதான் வரும். கருமேகம் ஒன்று தலைக்கு மேல் தாண்டிக் கிழக்கே போனால் போதும், "அது நம்ம வீட்டுக்குத்தான் போவுது" என்று திரும்பிவிடுவார். திரும்பி வந்து என்ன கிழிப்பார்? சமையலறை ஜன்னலில் இடுப்பில் கைவைத்து நிற்பார். மேகம் அவரைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்ற நினைப்பு. தேனிலவுக்குப் போனபோதே, வழியில் பக்கத்திலேயே இருக்கும் கின்டர்ஸ்லி ஊரைத் தாண்டவில்லை. மனைவி வெர்னாவுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இந்த ஜூலையில் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ திருப்புனா நான் அங்கேயே எறங்கிடுவேன். பஸ்ஸப் பிடிச்சாவது மலையப் பாத்துட்டுத்தான் வருவேன். நீ போயி ஜன்னல்ல நில்லு."

"ஹன்னா ஊர் வரைக்கும்தாம்மா போவாரு," என்றாள் பின்சீட்டிலிருந்து மகள் லேசியா. "பந்தயம். தாண்டிட்டாருன்னா ஒரு மாசம் நான் பாத்திரம் கழுவுறேன்."

ஓரெஸ்டோடு பயணம் போவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். யார் வயலில் கதிர் தெரிந்தாலும் இறங்கிக் கிள்ளிப் பார்ப்பார்.

"எவன் வயலோ, உனக்கென்ன?" என்பாள் வெர்னா.

"எவனா இருந்தா என்ன, பூஞ்சை வந்திருக்குல்ல!"

எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கி வணக்கம் வைக்க வேண்டும். ஊர் வழக்கம். மற்றவர்கள் தெரிந்தவர்களுக்கு வைப்பார்கள். இவருக்கு ஆள் கணக்கே கிடையாது. வெர்னா பிரசவ வலியில் கத்திக்கொண்டு போன நாளில்கூட, எதிரே வந்த பால்வண்டிக்கு விரல் தூக்கிய மனிதர்.

பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் எல்லை தாண்டியதும் கருமேகம் ஒன்று தலைக்கு மேல் போனது. ஓரெஸ்டின் கழுத்து தானாகத் திரும்பியது. வெர்னா கதவுப் பிடியில் கைவைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே ஓட்டினார்.

ஹன்னாவில் பெட்ரோல் போடும்போது அவருக்குப் போன் வந்தது. முதுகைக் காட்டி நின்று பேசிவிட்டு வந்தார்.

"யாரு?"

"பக்கத்து வயல் லாய்டு. மாட்டப் பத்தி ஏதோ கேட்டான்."

லேசியா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆனால் வண்டி மேற்கே திரும்பியது. பந்தயத்தில் அவள் தோற்றாள்.

அதற்குப் பிறகுதான் வெர்னாவுக்கு உறுத்தியது. அவர் எந்த வயலிலும் நிறுத்தவில்லை. எதிரே லாரி வந்தது, விரல் எழவில்லை. அடுத்து ஒரு டிராக்டர். டிராக்டருக்குமா இல்லை!

"மலை பாக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கணுமா?"

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். போகட்டும் என்று அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிரம்ஹெல்லர் ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறியபோது லேசியா கத்தினாள். தூரத்தில், அடிவானத்தை ஒட்டி, நீலமாக ஒரு வரிசை. உச்சியில் வெள்ளை. ஓரெஸ்ட் வண்டியை ஓரம் கட்டினார். வெர்னா இறங்கி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெர்னா, நம்ம பக்கம் கல்லு மழையாம். இன்னிக்கு மேகம் விடல. கோதுமை பூரா படுத்துடுச்சாம்."

"லாய்டு சொன்னது இதுவா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீதான் மொதல்ல வண்டியத் திருப்பச் சொல்லியிருப்ப."

வாஸ்தவம்தான். அதுதான் அவளைச் சுட்டது. இவ்வளவு நேரம் இந்த மனுஷனிடமா கோபித்துக்கொண்டு வந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"வா, வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

"மாட்டேன். நாளைக்கும் அது அப்பிடியேதான் படுத்துக்கெடக்கும். ஏறு."

வண்டி மேற்கே இறங்கியது. மலை எதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. சாலையில் வேறு வண்டியே இல்லை. ஆனாலும் ஓரெஸ்டின் ஆள்காட்டி விரல் ஸ்டியரிங்கிலிருந்து மெல்ல எழுந்தது.

"யாருக்குப்பா?" என்றாள் லேசியா.

"எதிர்ல வர்றாருல்ல," என்றார் அவர்.

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் விரலையும் தூக்கினாள்.