பனாமாக் கொடியில் போன அண்ணன்

தொலைக்காட்சிக்காரர்களின் இணைய முகவரிகள் சில ‘டாட் டிவி’ என்று முடிகின்றன. அது துவாலு என்ற சின்னத் தீவு நாட்டுக்கு ஒதுக்கிய எழுத்து என்று போன வருடம் என் மகள் சொன்னாள். “காசு கட்டுனா யாரு வேணா வெச்சுக்கலாம்மா. அந்தத் தீவைக் கண்ணால பாத்திருக்கணும்னுகூட இல்ல.” எனக்கு அண்ணன் ஏறிப்போன கப்பல் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. எண்ணூரில் ஃபிட்டராக இருந்த அண்ணனுக்கு ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போனபோது, கப்பலின் பின்பக்கம் பறந்த கொடியை அம்மா காட்டினாள்.

“இன்னா ஊரு கொடிடா அது?”

“பனாமா. ஓனரு கிரீஸ்காரன். வரி கம்மின்னு அந்தக் கொடியப் போட்டுக்கினு கீறான். கப்பல் அந்த ஊருப் பக்கமே போனதில்லியாம்.”

எல்லோரும் சிரித்தோம்.

மழைக்காலத்தில், ஜப்பான் போகும் வழியில் அந்தக் கப்பல் புயலில் மூழ்கியதாகத் துறைமுகத்தில் பேச்சு வந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்தவள் என்பதால் அப்பா என்னையும் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார்.

“ஓனருக்குத் தந்தி அடிச்சோம்மா, பதில் இல்ல. கம்பெனியவே மூடிட்டாங்கன்னு கேள்வி.”

“பனாமா கவர்மென்ட்ட கேக்கலாமா சார்?” என்றேன்.

“அங்க கப்பலோட பேரு மட்டுந்தான் பதிஞ்சிருக்கு. ஆளுங்களப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?”

அப்பா எழுந்திருக்கவில்லை. “கொடி பறந்துச்சே சார்,” என்றார். வெகுநேரம் அதையே சொன்னார்.

அதன்பின் துறைமுகத்தில் அந்தக் கொடியைப் பார்த்தால் போதும், வேலையை விட்டுவிட்டுப் போய்க் கப்பல்காரர்களை விசாரிப்பார். கொரியாக்காரன் இருப்பான், பிலிப்பைன்ஸ்காரன் இருப்பான். “ஒரு பனாமாக்காரனக்கூட காணோமே,” என்று வீட்டில் வந்து சொல்வார். அம்மா சோறு போடுவாள்.

உடல் வராமல் அண்ணனுக்காக மாதா கோயிலில் பூசை வைக்கக்கூடாதென்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். ஆனால் அடுத்த கல்லறைத் திருநாளன்று அவளே எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஓரத்தில் புல் மண்டிக் கிடந்த ஒரு கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

“யாரோடதும்மா?”

“யாருதோ. வர்றதுக்கு ஆளில்ல போல கீது. இன்னிக்கு நம்ம புள்ளைக்கு இருக்கட்டும்.”

அப்பா முழங்காலிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.